திருகோணமலையில் புதிதாகத் தொடங்கும் ஒருவர் குறைந்த விலையில் எந்த வோக்கி-ரோக்கியை வாங்கலாம்?

திருகோணமலை நகருக்குள் குடியிருப்பதாகவும், அமெச்சூர் வானொலிப் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கான) பரீட்சையில் சித்தியடைந்துவிட்டதாகவும், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரில் இருக்கும் நண்பரோடு பேசக்கூடிய மலிவான கைக்கருவி ஒன்று வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 10 வாற் என்று விளம்பரம் செய்யப்படும் வோக்கி, 5 வாற் வோக்கியை விட இரண்டு மடங்கு தூரம் போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகாது. அந்த 10 வாற்றுக்காக ஒரு ரூபாய்கூட மேலதிகமாகக் கொடுக்க வேண்டாம். சாதாரண பாவ்பெங் யூவி-5ஆர் அல்லது குவான்ஷெங் யூவி-கே5 ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை அன்ரெனாவுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் பதில். கூரையில் பெரிய அன்ரெனா ஏற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் மட்டும் இந்தப் பதில் மாறும். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கருவிக்கு முன்னர் உரிமம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், ஒலிபரப்பக்கூடிய வானொலிக் கருவியைப் பாவிப்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. பரீட்சையில் சித்தியடைந்தது மட்டும் அந்த அனுமதி ஆகிவிடாது. உரிமமும் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியும் (வானொலியில் உங்களை அடையாளம் காட்டும் குறியீடு) கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காக அனுமதி இல்லாமல் இணையத்தில் வரவழைத்தால் பொதி சுங்கத்தில் நின்றுவிடும். அதோடு, துறைமுகமும் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் ஒரே நீரைச் சுற்றி அமைந்திருக்கும் ஊர் நம்முடையது. கையில் வோக்கியோடு கடற்கரையில் நிற்பவரிடம் யாரேனும் வந்து விசாரிப்பது இங்கே இயல்பான விடயம். நான் உரிமத்தின் பிரதி ஒன்றைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டு எப்போதும் பையில் வைத்திருப்பேன்; அதைக் காட்டிய பின்னர் ஒருமுறையும் சிக்கல் வந்ததில்லை.

இனி வாற் பற்றிய கேள்வி. இக்கருவிகள் பாவிக்கும் 2 மீற்றர் பட்டையின் அலைகளும் 70 சென்ரிமீற்றர் பட்டையின் அலைகளும் (பட்டை என்பது அலைவரிசைகளின் தொகுதி, அலைநீளத்தால் பெயர் பெறுவது) ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. குற்றலையைப்போல (ஷோர்ட்வேவ்) வானத்தில் பட்டுத் திரும்பி வந்து தொலைவில் இறங்குவது இவற்றுக்கு வழக்கமில்லை. எனவே தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உயரம்தான். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், வானொலித் தொடுவானம், அதாவது அலை நேராகச் சென்று எட்டும் எல்லை, எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறது என்பது கிடைக்கும். இரு முனைகளுக்கும் இவ்வாறு கணித்துக் கூட்டினால், இடையில் கட்டடமோ மரமோ இல்லாதபோது எட்டக்கூடிய தூரம் தெரிந்துவிடும். நீங்கள் இங்கே மணலிலும் நண்பர் மூதூர்க் கரையிலும் நின்று, வோக்கியை முகத்துக்கு நேரே ஒன்றரை மீற்றர் உயரத்தில் பிடித்தால், ஆளுக்கு 5 கிலோமீற்றர் வீதம் மொத்தம் 10 கிலோமீற்றர் வரும். குடாவின் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் இரைச்சலில் அமுங்கிப்போகும். நீங்கள் மட்டும் 8 மீற்றர் உயரமான மொட்டைமாடிக்கு ஏறினால் அது 16 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையின் உச்சியைக் கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து கரையில் நிற்கும் ஒருவரை எட்டும் தூரம் 46 கிலோமீற்றர். அதே கருவி, அதே பற்றரி, மாறியது நிற்கும் இடம் மட்டுமே.

இதோடு ஒப்பிட்டால் வாற்றைக் கூட்டுவதன் பயன் மிகச் சிறிது. 5 வாற்றை 10 ஆக்குவது 3 டெசிபெல் கூட்டுவதாகும். நண்பரின் கருவியில், வரும் அலையின் பலத்தைக் காட்டும் எஸ்-மீற்றர் இருந்தால் அது அரைப் படிதான் நகரும், ஏனெனில் ஒரு படி என்பது 6 டெசிபெல். காது அந்த வித்தியாசத்தை உணர்வதே அரிது. பற்றரி விரைவில் தீர்வதும் கருவி சூடாவதும் நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு, விளம்பரத்தில் இருக்கும் எண் கருவியில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. நானே தொடக்கத்தில் 10 வாற் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு வோக்கியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். நண்பர் ஒருவரின் வாற்மானியில் பொருத்திப் பார்த்தபோது, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரியோடும் முள் 5ஐத் தொடவில்லை. விற்றவரிடம் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல அன்ரெனா ஒன்றும் இரண்டாவது பற்றரியும் வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அன்ரெனாவில் செலவே இல்லாத ஒரு திருத்தத்தை முதலில் செய்து பாருங்கள். கருவியோடு வரும் குட்டை றப்பர் அன்ரெனாவுக்கு நிலத்தொடுப்பாக, அதாவது அதன் மறுபாதியாக, அமைவது கருவியின் உடலும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும்தான். 2 மீற்றர் பட்டைக்கு அது போதாது. அந்தப் பட்டையில் கால் அலைநீளம் ஏறத்தாழ அரை மீற்றர். 49 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் உறையைச் சீவி, செப்புக் கம்பியைச் சிறு வளையமாக முறுக்கிக்கொள்ளுங்கள். அன்ரெனாவைக் கழற்றினால் அதன் அடியில், வெளிப்புறம் புரி வெட்டிய பித்தளைக் கழுத்து தெரியும். வளையத்தை அந்தக் கழுத்தில் மாட்டி, மீண்டும் மெதுவாகத் திருகுங்கள். வளையத்தின் ஒரு நுனிகூடக் கருவியின் நடு ஊசியைத் தொட்டுவிடக் கூடாது, அதை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் கீழ்நோக்கித் தொங்க, வோக்கியை நேராகப் பிடித்துப் பேசுங்கள். மூதூரிலிருக்கும் ஒருவருக்கு நான் இவ்வாறு வயரோடும் வயரில்லாமலும் மாறி மாறிப் பேசிக் காட்டியபோது, வயர் இல்லாத நேரம் சொற்கள் பாதி விழுந்தன, வயரோடு வசனம் முழுதாகப் போனது. அதற்கு மேல் வேண்டுமானால் 40 சென்ரிமீற்றர் அளவில் வரும் நீண்ட சாட்டை அன்ரெனா ஒன்றை வாங்குங்கள். ஆனால் பொருத்தியைக் கவனியுங்கள். பாவ்பெங், குவான்ஷெங் கருவிகளில் நடு ஊசி கருவியின் பக்கம் இருக்கும். யாஎசு என்ற நிறுவனத்தின் கருவிகளில் அது அன்ரெனாவின் பக்கம். மாறி வாங்கினால் பொருந்தாது.

கூரை அன்ரெனாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மலிவுக் கருவிகளின் உண்மையான பலவீனம் ஒலிபரப்பில் அன்று, அலையை வாங்கிக் கேட்கச் செய்யும் ஏற்பியில்தான் இருக்கிறது. இவற்றில் வானொலி வேலை முழுவதையும் ஒரே மின்னணுச் சில்லு (சிப்) செய்கிறது. வேண்டாத அலைகளை முன்வாசலிலேயே வடித்து நிறுத்தும் வடிகட்டி போதிய அளவில் இல்லை. றப்பர் அன்ரெனாவோடு இருக்கும்போது இது தெரியாது, ஏனெனில் அந்த அன்ரெனா எல்லாவற்றையும் குறைவாகவே உள்ளே விடுகிறது. நல்ல அன்ரெனாவைக் கூரையில் ஏற்றியவுடன், அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் பலமான அலைகளும் சேர்ந்து உள்ளே வந்து ஏற்பியைத் திணறடிக்கும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. குழாய் நட்டு, கேபிள் இழுத்து, ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுப் பொருத்திய பின், மூதூர் நண்பருக்கு என் குரல் தெளிவாகப் போனது. அவருடைய குரல் மட்டும் எனக்கு வரவில்லை. கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய றப்பர் அன்ரெனாவைத் திருகியவுடன், மங்கலாக என்றாலும், அவர் பேசுவது கேட்டது. ஆகவே, கூரை அன்ரெனாதான் உங்கள் திட்டம் என்றால், 2 மீற்றர் பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஒன்றை இடையில் போடுங்கள். அல்லது பொறுத்திருந்து, யாஎசு எஃப்டி-60ஆர் போன்ற, இருமுறை அலைமாற்றிச் சலித்தெடுக்கும் பழைய வகை ஏற்பி கொண்ட கருவியைப் பாவித்த நிலையிலாவது தேடிப் பாருங்கள். விலை பல மடங்கு வரும். நகருக்குள் இருப்பவருக்கு அந்த விலை நியாயமானது என்பது என் கருத்து. நிலாவெளிக்கு அப்பால் தென்னந்தோப்புக்கு நடுவே குடியிருப்பவருக்கு அது தேவைப்படாமல் போகலாம்.

யூவி-5ஆர், யூவி-கே5 ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் கே5ஐச் சொல்வேன். ஒலிபரப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமம். கே5ஐ யூஎஸ்பி-சி வயரால் சார்ஜ் செய்யலாம்; சாதாரண யூவி-5ஆர் தன்னுடைய தாங்கியில் நின்றால்தான் சார்ஜ் ஏறும். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் நமக்கு வடக்கே கரை கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை; அன்று என்னிடம் இருந்தது யூவி-5ஆர் மட்டுமே, தாங்கியைச் செருக இடமில்லாமல் பற்றரியை எண்ணி எண்ணிப் பாவித்தேன். கைத்தொலைபேசிக்கு வைத்திருக்கும் பவர் பாங்கிலேயே வோக்கிக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்பது கார்த்திகை, மார்கழி மழையை அறிந்த நமக்குப் பெரிய வசதி. யூவி-5ஆரின் பக்கம் உள்ள நன்மை, அதன் பற்றரியும் உதிரிகளும் எங்கும் கிடைப்பது. இவற்றை விட மலிவாகக் கிடைக்கும் பிஎஃப்-888எஸ் வேண்டாம். திரையே இல்லை, அலைவரிசையைக் கணினி இல்லாமல் மாற்ற முடியாது, 2 மீற்றர் பட்டையும் அதில் கிடையாது.

இக்கருவிகளின் இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கமான ஏஆர்ஆர்எல்லின் ஆய்வுகூடம் பரிசோதித்த மலிவு வோக்கிகளில் பல, பேசும் அலைவரிசையின் மடங்குகளிலும் அளவுக்கு மேல் அலையைச் சிந்தின. 145 மெகாஹேர்ட்ஸில் பேசினால் 290இலும் 435இலும் அதன் கசிவு கேட்கும் என்று பொருள். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதம். தேவைக்கு மேல் உயர் வலுவைப் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வெளி அன்ரெனா பாவித்தால் வடிகட்டி இங்கேயும் உதவும். மேலும், யூவி-5ஆர் 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கும் ஒலிபரப்பும் விதத்திலேயே விற்கப்படுகிறது. கப்பல்களின் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையான 156.8 மெகாஹேர்ட்ஸும் அதற்குள் அடங்கும். கப்பல் வந்து போகும் துறைமுகத்துக்கு அருகே, விரல் தவறி அங்கே பொத்தானை அழுத்துவது பாரதூரமான விடயம். கருவி கிடைத்த அன்றே, சிர்ப் என்ற இலவச மென்பொருளால் உங்கள் உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும் எல்லைக்குள் மட்டும் ஒலிபரப்பை அடைத்துவிடுங்கள். அதற்காக வோக்கியைக் கணினியோடு இணைக்கும் கேபிளை வாங்கும்போது மிக மலிவானதைத் தவிருங்கள். போலிச் சில்லு உள்ளவற்றைக் கணினி அடையாளம் காண மறுப்பது அடிக்கடி நடக்கிறது.

அவசரகாலத்துக்கும் உதவுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தெருவுக்குத் தெரு, கரைக்குக் கரை உதவும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் ஹம்பாந்தோட்டையிலிருந்து நம் நாட்டு அமெச்சூர்கள் தொடர்பை ஏற்படுத்தியது குற்றலையில். கைக்கருவியால் அவ்வளவு தொலைவு முடியாது.

உப்புக் காற்று இவற்றுக்கு எதிரி. யூவி-5ஆரோ கே5ஓ நீர்புகாக் கருவிகள் அல்ல. உப்புவெளிக் கடற்கரையில் ஒரு மாலை நின்றுவிட்டு வந்தாலே போதும், மறுவாரம் அன்ரெனாவைக் கழற்றும்போது புரியில் பச்சை நிறம் பூத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மாதத்தில் ஒருமுறை அன்ரெனாவைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுப் பொருத்தியைச் சுத்தம் செய்யுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் பேசுவதற்கு முன் சில நாட்கள் கேட்டுப் பழகுங்கள். 145.800 மெகாஹேர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் குரலாகவும், சில நாட்களில் ஒலியாக மாற்றிய படங்களாகவும் ஒலிபரப்பும். அது நம் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டு, ஸ்குவெல்ச்சை (வெற்று இரைச்சலை அடக்கும் அமைப்பை) பூச்சியத்தில் வைத்து, அன்ரெனாவை அது வரும் திசைக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்குள் எழுந்து மறைந்துவிடும். உப்புவெளியில் வெறும் றப்பர் அன்ரெனாவோடு நின்ற எனக்கு அது கேட்டது. ஒலி ஏறி வரும்போது வோக்கியை மணிக்கட்டில் மெல்லத் திருப்பினால் இரைச்சல் விலகும் ஒரு கோணம் கிடைக்கும், அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.