நீலக் கலர் போர்ட்ல சொருகியும் ஏன் சார் ஸ்லோ?

போன இதழ்ல யூ.எஸ்.பி. பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கே இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், ஸ்பீடு வரல. வந்ததுல ஒம்போதை எடுத்து இந்த வாட்டி முழுக்க அதையே பேசிடுவோம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கறோம் சார். 5 ஜிபிபிஎஸ்னு பெட்டியில போட்ட எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். காப்பி போட்டா 35 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?
– ஸ்டுடியோக்காரர், கும்பகோணம்

பதில்: கடைக்காரரைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்துடலாம். பெட்டி மேல போட்டிருக்கறது பிட்டு, உங்க ஸ்கிரீன்ல ஓடற எம்பி பைட்டு, எட்டு பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு. பழைய யூ.எஸ்.பி. 2.0-வோட வேகம் 480 எம்பிபிஎஸ், எட்டால வகுத்தா 60 எம்பி, அதுலயும் ரெண்டு பக்கமும் "அனுப்பவா, வந்துச்சா"ன்னு பேசிக்கறதுக்கே கொஞ்சம் போயிடும், கடைசியில நம்ம கைக்கு வர்றது 30லேர்ந்து 40 தான். உங்க 35 எங்கேர்ந்து வருதுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். டிஸ்க் அந்த 5 ஜிபிபிஎஸ் போற 3.0-ஆவே இருக்கட்டும், கம்ப்யூட்டரோட அது பேசறது என்னமோ 2.0-லதான்.

நான் முதல்ல சந்தேகப்படறது கேபிளை. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்கற அந்த அகலமான ஓட்டையை உத்துப் பாருங்க, ஒரு பெரிய பாதி ஒரு சின்ன பாதின்னு ரெண்டு பெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். பெரிய பாதியில பழைய போன் சார்ஜரோட மைக்ரோ கேபிள் அச்சா உக்காந்துக்கும்! டிஸ்கோட வந்த குட்டை கேபிள் எங்கயோ காணாம போயிருக்கும், மேஜையில கிடந்த சார்ஜர் கேபிளை எவனாவது எடுத்து சொருகியிருப்பான், டிஸ்க்கும் ஒழுங்கா ஓடும், ஃபைலும் தெரியும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது, ஆனா வேகத்துக்கான கம்பிங்க எல்லாம் அந்த சின்ன பாதியிலதான் இருக்கு, அது காலியா கிடக்கும்.

கேபிள் சரியா இருந்தா அடுத்தது போர்ட். கேபினட்டோட முன்பக்க போர்ட்ல போட்டிருந்தா பின்னாடி மதர்போர்டுலயே இருக்கற போர்ட்ல ஒரு தடவை மாத்திப் பாருங்க, அசெம்பிள் பண்ணவர் முன்பக்க 3.0 ஒயரை கன்வர்ட்டர் போட்டு மதர்போர்டோட 2.0 இடத்துல மாட்டிட்டுப் போன கேஸ் நான் நிறைய பாத்திருக்கேன். இன்னொன்னு, சொன்னா சிரிப்பீங்க, மெதுவா சொருகறது. 3.0 பிளக்கை போன் டார்ச் அடிச்சு உள்ள பாத்தீங்கன்னா வாய்ப்பக்கம் நாலு பட்டைத் தகடு, அதுக்குப் பின்னாடி உள்ள தள்ளி அஞ்சு சின்ன நாக்கு, மொத்தம் ஒம்போது. அந்த நாலு பழைய 2.0-க்கு, பின்னாடி அஞ்சுதான் 3.0-க்கு. பயந்து பயந்து மெல்ல சொருகினா முதல்ல தொடறது அந்த நாலு, கம்ப்யூட்டர் "ஓ, 2.0 வந்திருக்கு"ன்னு முடிவு பண்ணிட்டு அதோட நின்னுடும். உருவிட்டு ஒரே அழுத்தா, டக்குனு சொருகிப் பாருங்க.

இதெல்லாம் சரி பண்ணிட்டு 500 எம்பி வரும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. 3.0 ஒவ்வொரு எட்டு பிட்டையும் பத்து பிட்டா மாத்தித்தான் அனுப்புது, அதனால பேப்பர்லயே உச்சம் 500, நிஜத்துல 400 சொச்சம். அதுவும் உள்ள எஸ்எஸ்டி, அதாவது தட்டு சுத்தாத சிப் டிஸ்க், இருந்தாதான். உங்களோடது தட்டு சுத்தற டிஸ்க், அதால 100லேர்ந்து 130-க்கு மேல மூச்சு பிடிக்க முடியாது. போதுமே, 64 ஜிபி கார்டு ஒன்னு இப்ப அரை மணி நேரம் எடுக்குதுன்னா அப்ப ஒம்போது பத்து நிமிஷத்துல இறங்கிடும், முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்கு உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள கார்டு காலி.

கேள்வி: நீலக் கலர் இருந்தா 3.0-னு நம்பலாமா?
– காலேஜ் ஸ்டூடண்ட், திண்டுக்கல்

பதில்: முழுசா நம்பாதீங்க தம்பி. நீலம் ஒரு பழக்கம், சட்டம் இல்ல. சில லேப்டாப்ல 3.0 போர்ட்டே கருப்பாத்தான் இருக்கும், பக்கத்துல எஸ்எஸ்னு ரெண்டெழுத்து போட்டிருப்பாங்க. இதுக்கு நேரெதிரா எனக்கே ஒன்னு நடந்துச்சு, பிளாட்பாரக் கடை ஒன்னுல 3.0 எக்ஸ்டென்ஷன் கேபிள்னு வாங்கினேன், பளபளன்னு நீல பிளாஸ்டிக், வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சா உள்ள வெறும் நாலு தகடு. கலருக்கு குடுத்த காசுன்னு தேத்திக்கிட்டேன்.

கேள்வி: என் போனும் டைப்-சி, லேப்டாப்பும் டைப்-சி, கேபிளும் ரெண்டு பக்கமும் டைப்-சி. அப்புறமும் வீடியோ இறங்க மணிக்கணக்கா ஆகுதே?
– ஐடி வேலை பாக்கறவர், கோயம்புத்தூர்

பதில்: டைப்-சிங்கறது வாயோட வடிவம், அவ்ளோதான், வேகத்துக்கு அது ஜவாப்தாரி கிடையாது. 2014-ல வந்த அந்த வாய்ல 24 காண்டாக்ட் இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் ஒயர் போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல. போனோட வர்ற சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் கரண்டுக்கும் பழைய 2.0 ஜோடிக்கும் மட்டும் ஒயர் போட்டது, ரெண்டு பக்கமும் டைப்-சியா இருந்தாலும் உள்ள ஓடறது 2000-ம் வருஷத்து 480 எம்பிபிஎஸ். கேபிளை மாத்தினா போதுமான்னா அதுவும் நிச்சயம் இல்ல, சில போனே 2.0-லதான் பேசும். 2023-ல வந்த ஐபோன் 15-ஐ பாருங்க, முதல் தடவையா டைப்-சி, ஆனா சாதா மாடல்ல வேகம் அதே 480. ப்ரோ மாடல்தான் 10 ஜிபிபிஎஸ் போகும், அதுலயும் ஒரு கூத்து, பெட்டியோட தர்ற கேபிள் 2.0 கேபிள், வேகம் வேணும்னா வேற கேபிள் நாமதான் வாங்கிக்கணும்.

பேரைப் பாத்து கேபிள் வாங்கலாம்னா அதுலயும் குழப்பி வெச்சிருக்காங்க. 2008-ல 3.0-னு வெச்ச பேரை 2013-ல 3.1 ஜென் 1 ஆக்கினாங்க, 2017-ல 3.2 ஜென் 1 ஆக்கினாங்க, மூணும் அதே பழைய 5 ஜிபிபிஎஸ்! பேர் மாத்தி சீட்டு போடற மாதிரி. கடையில 3.2-னு போட்டிருந்தா அசந்துடாதீங்க, பக்கத்துல 5-ஆ, 10-ஆ, 20-ஆன்னு எண்ணைத் தேடுங்க. யூ.எஸ்.பி. 4-னு இருந்தா 40, அதோட புது வெர்ஷன்ல 80 வரைக்கும் போகும், எண்ணே போடலன்னா 2.0-னு வெச்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. நீளமும் பாருங்க, 10 ஜிபிபிஎஸ் கேபிள் பெரும்பாலும் ஒரு மீட்டர்தான் வரும், ரெண்டு மூணு மீட்டர் நீளத்துக்கு சல்லிசா கிடைக்குதுன்னா அது சார்ஜிங் கேபிள்னே எடுத்துக்கலாம்.

கேள்வி: டைப்-சிலேர்ந்து எச்டிஎம்ஐக்கு மாத்தற கன்வர்ட்டர் வாங்கி டிவியில போட்டேன், படமே வரல.
– தூத்துக்குடி வாசகி

பதில்: அம்மா, கன்வர்ட்டர் மேல தப்பில்லாம இருக்கலாம். போனோ லேப்டாப்போ அந்த வாய் வழியா படத்தை வெளிய அனுப்பற மாதிரி செஞ்சிருக்கணும், விலை குறைஞ்ச போன்ல பெரும்பாலும் செஞ்சிருக்க மாட்டாங்க. மாடல் விவரத்துல டிஸ்ப்ளேபோர்ட்னு வார்த்தை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இன்னொரு கன்வர்ட்டர் வாங்கி காசை வீணாக்க வேணாம்.

கேள்வி: எக்ஸ்டர்னல் டிஸ்க் சொருகினா மட்டும் ஒயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி போகுது சார், பேய் பிடிச்ச மாதிரி. மவுஸ் ரெண்டு மாத்தியாச்சு.
– பில்டிங் டிராயிங் போடறவர், ஈரோடு

பதில்: பாவம் அந்த ரெண்டு மவுஸ். 3.0 முழு வேகத்துல ஓடும்போது கேபிள்லேர்ந்தும் பிளக்லேர்ந்தும் ரேடியோ இரைச்சல் கசியும், அது பரவற இடத்துல 2.4 கிகாஹெர்ட்ஸும் வருது, உங்க மவுஸ் பேசறதும் அதே 2.4-லதான். இன்டெல் கம்பெனியே 2012-ல இதை சோதிச்சு எழுதி வெச்சிருக்கு. மவுஸோட குட்டி ரிசீவர் டிஸ்க் பிளக்குக்குப் பக்கத்து போர்ட்ல ஒட்டிக்கிட்டு இருந்தா டிஸ்க் போடற சத்தத்துல மவுஸ் பேசறது அதுக்கு கேக்காது, திருவிழா ஸ்பீக்கருக்கு அடியில நின்னு போன் பேசற கதைதான். அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்னு வாங்கி ரிசீவரை மவுஸ் கிட்ட இழுத்து வைங்க, சாதா 2.0 எக்ஸ்டென்ஷனே போதும், மவுஸுக்கு அதுவே ஜாஸ்தி. டிஸ்க் ஓடும்போது வைஃபையும் திணறுதுன்னா அதுக்கும் இதேதான் காரணமா இருக்கும், ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கோங்க.

கேள்வி: பிரின்டரை 3.0 போர்ட்ல போட்டா சீக்கிரம் அடிக்குமா?
– ஜெராக்ஸ் கடை, விழுப்புரம்

பதில்: அடிக்காது. பேப்பர் நகர்ற வேகம் பேப்பர் நகர்ற வேகம்தான். 3.0 போர்ட்டை பென்டிரைவ் கொண்டு வர்ற கஸ்டமருக்கு விட்டுடுங்க.

கேள்வி: ஒரு யூ.எஸ்.பி.யில 127 சாமான் மாட்டலாம்னு படிச்சேன். நான் ஒரு போர்ட்டை நாலாப் பிரிக்கற ஹப்ல ரெண்டு டிஸ்க், ஒரு வெப்கேம் மாட்டினதுக்கே டிஸ்க் கட் ஆகி கட் ஆகி வருதே?
– ட்யூஷன் டீச்சர், மதுரை

பதில்: 127-ங்கறது விலாசக் கணக்கு டீச்சர். சாமானுக்கு நம்பர் குடுக்க ஏழு பிட்டு வெச்சிருக்காங்க, அதுல அவ்ளோதான் வரும், ஹப்பும் அதுல ஒரு ஆளு. சாப்பாட்டுக் கணக்கு வேற. 2.0 போர்ட் ஒன்னு தர்றது 500 மில்லிஆம்பியர், 3.0 தர்றது 900, உங்க ஹப் அந்த ஒரு போர்ட்ல வாங்கினதைத்தான் எல்லாருக்கும் பங்கு போடணும். தட்டு டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற அந்த ரெண்டு மூணு செகண்டுல கரண்டை மொண்டு குடிக்கும், ரெண்டாவது டிஸ்க்கும் அதே நேரத்துல கேட்டா வோல்டேஜ் இறங்கும், ஒன்னு செத்து உருளும். டிக் டிக்னு சத்தம் வந்துச்சுன்னா அதுக்கு கரண்ட் பத்தலன்னு முதல்ல நினைங்க, அடிக்கடி அப்படி கட் ஆனா ஃபைலும் கெட்டுப்போகும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்க, இல்லன்னா டிஸ்க் ரெண்டையும் கம்ப்யூட்டர்ல நேரா மாட்டிட்டு வெப்கேமை மட்டும் ஹப்ல விடுங்க. வேகமும் பங்குதான், ஹப்ல எத்தனை மாட்டினாலும் மேல போறது ஒரே கேபிள்.

கேள்வி: 16 ஜிபி காலியா இருக்கற பென்டிரைவ்ல 5 ஜிபி படம் ஏறல, இடம் பத்தலங்குது. பென்டிரைவ் போலியா?
– சேலம் வாசகர்

பதில்: போலி இல்ல, அது ஃபேட் 32 ஃபார்மட், ஃபைலை அடுக்கி வெக்கற ஒரு பழைய முறை. அதுல ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல இருக்கக் கூடாது. உள்ள இருக்கறதை வேற இடத்துக்கு எடுத்து வெச்சிட்டு எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க. பழைய டிவி, கார் ஸ்டீரியோ எல்லாம் எக்ஸ்ஃபேட் படிக்காம அடம் பிடிக்கலாம், பாட்டுக்குன்னு வெச்ச பென்டிரைவை அப்படியே விட்டுடுங்க.

கேள்வி: பதினஞ்சு வருஷத்து கீபோர்டை புது கம்ப்யூட்டரோட நீல போர்ட்ல மாட்டினா ஏதாவது கெட்டுடுமா?
– டிடிபி சென்டர், நாகர்கோவில்

பதில்: ஒன்னும் ஆகாது. 1996-ல முதல் யூ.எஸ்.பி. வந்தப்பவே கீபோர்டு மவுஸுக்குன்னு 1.5 எம்பிபிஎஸ்னு ஒரு ஆமை வேகம் வெச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் புது போர்ட் அதை மதிச்சு பேசுது, நீங்க எவ்ளோ வேகமா டைப் அடிச்சாலும் அதைத் தாண்ட மாட்டீங்க. ஆனா கருப்பு 2.0 போர்ட் காலியா இருந்தா கீபோர்டை அதுல போடுங்க, பழக்கமா சொல்றேன், அடிபட்ட அனுபவம். விண்டோஸ் 7-ல 3.0 டிரைவர், அதாவது அந்த போர்ட்டை இயக்கற சாஃப்ட்வேர், உள்ளயே கிடையாது, 8-லேர்ந்துதான் கூடவே வந்துச்சு. அந்தக் காலத்துல ஒரு மெஷின்ல ராத்திரி உக்காந்து 7 போட்டேன், மெஷின் ஆன் ஆனதும் முதல்ல வர்ற பயாஸ் ஸ்கிரீன்ல எல்லா கீயும் வேலை செய்யுது, இன்ஸ்டால் ஸ்கிரீன் வந்ததும் கீபோர்டும் மவுஸும் ரெண்டும் பொணம். ஒரு மணி நேரம் கீபோர்டு மாத்தி, ஒயரை ஆட்டி, டிவிடி மேல சந்தேகப்பட்டு வேற டிவிடி எரிச்சு, கடைசியில சலிச்சுப்போய் நீலத்துலேர்ந்து உருவி பக்கத்து கருப்புல சொருகினேன், அடுத்த செகண்ட் மவுஸ் அம்பு நகர்ந்துச்சு.