மகன் ராக்கெட் எரிபொருள் என்கிறான், பயப்படலாமா? மண்டபத்து அம்மாவுக்குப் பதில்

ப்ளஸ் டூ படிக்கும் மகன் ராக்கெட்டின் திட எரிபொருள் எரிந்து தேய்வதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடப் போகிறானாம், எரிமருந்து கலந்து கையைச் சுட்டுக்கொள்வானோ என்கிறீர்கள். மருந்துப் பக்கமே போக வேண்டியதில்லை அம்மா. சாதாரண லேப்டாப், பைத்தான் என்ற நிரல்மொழி, பள்ளிக் கணக்கு போதும். நிஜமாகவே கலக்கக் கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள்.

தம்பி உருளை வடிவ எரிபொருளில் தொடங்கட்டும்: வெளிவிட்டம் 100 மி.மீ., நடுத்துளை 40 மி.மீ., இரு முனையும் எரியாமல் மூடியது. எரிவேகம் எரியறை அழுத்தத்தின் ஓர் அடுக்கைப் பொறுத்தது. அடுக்கு 0.35 என்றால், துளை விரிந்து முடியும்போது எரியும் பரப்பு 2.5 மடங்கு, அழுத்தம் சுமார் 4 மடங்கு. அடுக்கை 0.7 ஆக்கினால் அழுத்தம் 21 மடங்கு; எந்த உறையும் தாங்காது. எரியும் பரப்பு இப்படி ஏறாமலிருக்கத்தான் துளையை நட்சத்திர வடிவில் வார்க்கிறார்கள் என்பது இங்கேதான் பிடிபடும். அழுத்தத்தை மெகாபாஸ்கலில் போட வேண்டிய இடத்தில் பாஸ்கல் போட்டால், 0.35 அடுக்கிலேயே எரிவேகம் 126 மடங்காகும். புதியவர்கள் அதிகம் வழுக்குவது இதில்தான்.

நட்சத்திரத்தில் எல்லைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினால், துளைக்குள் நீட்டியிருக்கும் கூர்முனைகளில் கோடுகள் குறுக்கே வெட்டி முடிச்சு விழும். அதைவிட, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமும் தொடக்கப் பரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவது மேல். 5 மி.மீ. தூரக் கோடுதான் 5 மி.மீ. தேய்ந்தபின் உள்ள விளிம்பு. அதன் நீளத்தைக் கட்ட ஓரங்களை எண்ணி அளக்கக் கூடாது: வட்டத்துக்கே 27 சதவீதம் கூடுதலாக வரும், கட்டத்தை எவ்வளவு பொடியாக்கினாலும் குறையாது. 0.5 மி.மீ. தேய்வில் துளையின் பரப்பளவு எவ்வளவு கூடியது என்று பார்த்து 0.5ஆல் வகுத்தால் சுற்றளவு ஒழுங்காக வரும். உருளையில் சூத்திரத்தோடு ஒத்துப்போன பிறகே நட்சத்திரம்.

ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். இஸ்ரோவின் பொறியாளர் தேர்வில் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கே வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கல் படித்தால் இஸ்ரோ கைகூடாவிட்டாலும் வேறு கதவுகள் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.யில் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வு தேவை. படகு வருமானத்தில் ஃபீஸ் கட்ட முடியுமா என்கிறீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால், தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்லூரி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும்.

குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறதே, பக்கத்திலேயே வேலை என்று எண்ண வேண்டாம். அது ஏவும் இடம். ராக்கெட் மோட்டார் வடிவமைப்பு நடப்பது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில்.

பொறியியல் கட் ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. பொதுத்தேர்வு முடியும்வரை இந்த வேலை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.