இன்னோம் பள்ளத்தாக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் போன ஞாயிறு பிரசங்கத்தில், இயேசு 'நரகம்' என்று சொன்னது எருசலேமுக்கு வெளியே இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த குப்பைமேட்டைத்தான் என்றார் போதகர். அந்த இடம் இன்னோம் பள்ளத்தாக்கு என்றும் சொன்னார். யார் இந்த இன்னோம்? குப்பைமேடு உண்மையா? என் முஸ்லிம் நண்பர் சொல்லும் 'ஜஹன்னம்' என்ற பெயரும் இதிலிருந்து வந்ததா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குப்பைமேட்டுக் கதையை நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். வேதாகமத்தில் அது இல்லை. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட எதிலும் இல்லை. பிரான்சின் நார்போன் நகரில் வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியர், 27-ஆம் சங்கீதத்துக்கு எழுதிய உரையில் இதைச் சொல்கிறார். காலம் ஏறக்குறைய கி.பி. 1200. இயேசுவுக்கும் அவருக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல். முதல் நூற்றாண்டு எருசலேமின் குப்பைமேட்டை அகழாய்வாளர்கள் தோண்டியிருக்கிறார்கள். அது நகரின் கிழக்கே, கீதரோன் சரிவில் இருக்கிறது. இன்னோம் பள்ளத்தாக்கோ நகரின் மேற்கிலும் தெற்கிலும் வளைந்து போவது.

எபிரெயத்தில் அதன் பெயர் 'கே பென் இன்னோம்', அதாவது இன்னோமின் மகனுடைய பள்ளத்தாக்கு. சுருக்கி 'கே இன்னோம்' என்றும் சொல்வார்கள். யோசுவா 15:8-இல் யூதா கோத்திரத்தின் எல்லையைச் சொல்லும்போது இந்தப் பெயர் வருகிறது. நம் பத்திரங்களில் 'இன்னார் மகன் நிலத்துக்கு வடக்கே' என்று எழுதுவதைப் போலத்தான். இன்னோமைப் பற்றியோ அவன் மகனைப் பற்றியோ வேதாகமம் வேறொரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பெயரில் அப்போது எந்தப் பயங்கரமும் கிடையாது.

பயங்கரம் ராஜாக்களால் வந்தது. ஆகாஸ் அந்தப் பள்ளத்தாக்கில் தன் பிள்ளைகளைத் தீயில் தகித்தான் என்கிறது 2 நாளாகமம் 28:3. அவன் மகன் எசேக்கியாவுக்குப் பிறந்த மனாசேயும் அதையே செய்தான். தாவீதின் வம்சத்து அரசர்கள், ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இதைச் செய்தார்கள். அந்தப் பலிமேடையின் பெயர் தோப்பேத். யோசியா ராஜா அதைத் தீட்டுப்படுத்தி, இனி யாரும் பிள்ளையை மோளேகுக்குத் தீக்கடக்கப்பண்ணாதபடி செய்தான் (2 இராஜாக்கள் 23:10). மோளேகை ஒரு தெய்வமாகத்தான் பொதுவாகக் கருதுகிறார்கள். மோளேகு என்பது தெய்வத்தின் பெயரே அல்ல, பலியின் பெயர் என்று ஜெர்மானிய வேதாகம அறிஞர் ஓட்டோ ஐஸ்ஃபெல்ட் 1935-இல் வாதிட்டார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. தீயைக் கடக்கச் செய்தது வெறும் சடங்குதான், பிள்ளைகள் சாகவில்லை என்பாரும் உண்டு. எரேமியா 7:31-ஐ வாசித்தபின் என்னால் அதை ஏற்க முடியவில்லை. குமாரரையும் குமாரத்திகளையும் சுட்டெரித்தார்கள் என்று அங்கே பட்டவர்த்தனமாக இருக்கிறது. அதை நான் கட்டளையிடவில்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று கடவுளே சொல்கிறார். கடவுளின் பேரால்தான் இதைச் செய்கிறோம் என்று அந்த மக்கள் நம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மறுப்புக்கு என்ன தேவை?

அதே புத்தகத்தின் 19-ஆம் அதிகாரத்தில் எரேமியா தீர்க்கதரிசி குயவனிடம் ஒரு மண்கலசம் வாங்குகிறார். மூப்பர்களையும் ஆசாரியர்களில் சிலரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்கே போகிறார். குற்றமற்றவர்களின் இரத்தத்தால் இந்த இடத்தை நிரப்பினீர்கள், இனி இதற்குச் 'சங்காரப் பள்ளத்தாக்கு' என்று பெயராகும் என்கிறார். அவர்கள் கண்முன்னே கலசத்தை உடைக்கிறார். உடைந்த மண்கலத்தை மறுபடி ஒட்டவைக்க முடியாதல்லவா, இந்த நகரமும் அப்படித்தான் உடையும் என்பது செய்தி. ஓர் ஊர்ப்பெயர் சாபமாக மாறியது இங்கேதான். பிற்கால யூத எழுத்துகளில் அது பாவிகள் தண்டனை பெறும் இடமாகிறது. கிரேக்கத்தில் 'கெயென்னா'. புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வருகிறது. அவற்றில் 11 இயேசுவின் வாய்ச்சொல், ஒன்று யாக்கோபு 3:6. தமிழ் வேதாகமத்தில் அது 'நரகம்', 'எரிநரகம்' என்று வருவதால் நமக்கு எரேமியா நினைவுக்கு வருவதில்லை.

குப்பைமேட்டு விளக்கத்தை நான் விடாப்பிடியாக மறுப்பது இதனால்தான். அது நரகத்தை ஊர்ச் சுகாதாரப் பிரச்சினையாக்கிவிடுகிறது. எரிக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே காணாமல் போகிறார்கள்.

1979-இல் இதே பள்ளத்தாக்கின் மேற்சரிவில், கேத்தேப் இன்னோம் கல்லறைகளில், அகழாய்வாளர் கேப்ரியல் பார்கே இரண்டு வெள்ளிச்சுருள்களைக் கண்டெடுத்தார். பெரியதே விரித்தால் பத்து சென்டிமீட்டருக்குள்தான். ஊசிமுனை போன்ற எழுத்தில், எண்ணாகமம் 6-இல் உள்ள ஆசாரிய ஆசீர்வாதம்: 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.' ஏறக்குறைய எரேமியாவின் காலம். வேதாகமத்திலும் இடம்பெறும் வரிகளில் நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்து இது. யாரோ கழுத்தில் தாயத்தாகக் கட்டியிருந்திருக்கிறார்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் ஜஹன்னமும் இதே பெயர்தான். குர்ஆனில் அது பள்ளத்தாக்கைக் குறிப்பதில்லை, நரகத்தின் பெயர் மட்டுமே. போதகரிடம் பேசப் போகும்போது எரேமியா 19-ஐ முதலில் வாசித்துக் காட்டுங்கள். இயேசு நரகத்தைப் பற்றிப் பேசும் மாற்கு 9-ஐ அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.