கேள்வி-பதில்: போல்ட் தூக்க வரலைன்னா சுத்தியல தேடாதீங்க

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல வீட்டுலயே தோட்டா லோடு பண்றவங்களோடது, அதாவது பித்தளைக் கூட்டுல (கேஸ்) பத்த வைக்கிற மூடி (பிரைமர்), வெடிமருந்து (பவுடர்), குண்டு (புல்லட்) வச்சு தாங்களே தோட்டா செய்றவங்க. டெக்ஸஸ்ல வெயில் ஏறினா இப்படித்தான். எல்லாத்தையும் சுருக்கித்தான் போட்டிருக்கேன், மூணு பக்கம் எழுதினவரு கோச்சுக்காதீங்க.

அக்கா, என் ரைபிள் 6.5 கிரீட்மோர் தோட்டா ரகம். ஜனவரியில, பவுடர் அளவு (லோடு) சொல்ற மேனுவல்ல இருக்குற மேக்ஸிமம் லோடு போட்டு 120 தோட்டா செஞ்சேன், சூப்பரா போச்சு. போன வாரம் அதே டப்பாவுல எடுத்து அடிச்சா நாலாவது ஷாட்ல போல்ட் (தோட்டாவ உள்ள பூட்டுற பாகம்) கைப்பிடிய தூக்கவே வரல, உள்ளங்கையால குத்தித்தான் திறந்தேன். மீதி 60 இருக்கு, அடிக்கலாமா? (ஆஸ்டின்)

கூடாது. டப்பா எங்க இருந்துச்சுன்னு நீங்க எழுதல, ஆனா கண்ண மூடிக்கிட்டு சொல்றேன், கார் டிக்கியில. பவுடர் சூடேறினா சில ரகம் இன்னும் வேகமா எரியும், பிரஷர் ஏறும், ஜனவரி குளிர்ல விளிம்புல நின்ன லோடு ஜூலையில விளிம்ப தாண்டிருச்சு, அவ்ளோதான். இந்த கேலிபருக்கு சாமி வச்ச எல்லை 62,000 பிஎஸ்ஐ. (நம்ம சாமி இல்லங்க, 1926ல இருந்து அமெரிக்க துப்பாக்கி, தோட்டா கம்பெனிங்க சேர்ந்து அளவு வகுக்குற அமைப்போட பேரு அது. ஆனா தாண்டினா சாமி குத்தம்தான்.) கார் டயர்ல 35 பிஎஸ்ஐ அடிக்கிறோம், கணக்கு பாத்துக்கோங்க, அது உங்க கன்னத்துல இருந்து ரெண்டு இஞ்ச் தள்ளி நடக்குது.

அந்த நாலாவது காலி கேஸ எடுத்து அடிப்பக்கத்த வெளிச்சத்துல சாச்சு பாருங்க. எழுத்து மேல பளபளன்னு அரைவட்டமா ஒரு தேய்ப்பு இருக்கும், நகத்த வச்சு இழுத்தா தட்டும். கேஸோட பித்தளை, போல்ட்ல காலி கேஸ வெளிய தள்ளுற எஜெக்டரோட ஓட்டைக்குள்ள பிதுங்கி, போல்ட் திரும்பும்போது வழிச்சு எடுத்த தழும்பு அது. அந்த கேஸ்ல புது பிரைமர் வைக்கும்போது இறுக்கமே இல்லாம நழுவி உள்ள போச்சுன்னா தூக்கி போட்ருங்க. மீதி 60ஐயும் புல்லட் புல்லர் வாங்கி பிரிங்க, சுத்தியல் மாதிரி இருக்குமே அது, விலை பெருசா ஒண்ணும் இல்ல. அப்புறம் மேனுவல்ல ஸ்டார்ட்டிங் லோடுன்னு குறைஞ்ச அளவுக்கு ஒரு வரிசை இருக்கு, அத ஏன் அச்சடிச்சிருக்கான்னு யோசிச்சுக்கிட்டே வெயில்லயே மறுபடி ஆரம்பிங்க.

எச்1பி-ல டாலஸ்ல இருக்கேன். துப்பாக்கி வாங்க முடியாதுன்னு தெரியும். பவுடரும் பிரைமரும் மட்டும் ஆஃபர்ல வாங்கி வச்சுக்கட்டுமா?

வேண்டாம். துப்பாக்கிக்கு உள்ள தடை அம்யூனிஷனுக்கும் உண்டு, ஃபெடரல் சட்டத்துல அம்யூனிஷன்னா முழு தோட்டா மட்டும் இல்ல, காலி கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அதுக்குள்ள வரும். வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அத லாயர்கிட்ட கேளுங்க, ஆஃபர் போடுற கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க.

மேனுவல்ல எச்4350 பவுடர்னு போட்டிருக்கு. கடையில ஐஎம்ஆர் 4350 தான் இருந்துச்சு, நம்பர் ஒண்ணுதானேன்னு வாங்கி அதே அளவுல மேக்ஸிமம் போட்டேன். ரெண்டு கேஸ்ல பிரைமர் கழண்டே விழுந்துருச்சு. கடைக்காரர் டப்பாவ திரும்ப எடுக்க மாட்டேங்குறார். (சான் அன்டோனியோ)

திறந்த பவுடர் டப்பாவ எந்த கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார், எடுத்தா அந்த கடைக்கே போகாதீங்க. உங்க மேல கோவம் வருது, ஆனா பாதி கோவம்தான், ஏன்னா மீதி பாதி பேர் வச்சவங்க மேல. நம்ம தெருவுல மூணு செந்தில் இருந்தா போஸ்ட்மேன் இனிஷியல பாத்துத்தானே லெட்டர் குடுப்பாரு? அதே கதைதான். எச்சும் ஐஎம்ஆரும் இனிஷியல், பேரு ஒண்ணா இருந்தாலும் ஆளு வேற. இது எப்படி வந்துச்சுன்னா, நம்பர் எல்லாம் மொதல்ல டூபாண்ட் கம்பெனியோடது, ஐஎம்ஆர் அவங்க பவுடரோட பேரு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் புரூஸ் ஹாட்ஜ்டன்னு ஒருத்தர் ராணுவத்துல மிஞ்சின 4895 பவுடர மொத்தமா வாங்கி வித்தாரு (எச்ங்கிறது அவரு பேரு), அப்புறம் 4831ம் அப்படித்தான் வந்துச்சு, நம்பர் அப்படியே ஒட்டிக்கிச்சு. அக்யூரேட் 4350ன்னு மூணாவதா ஒண்ணு வேற இருக்கு. கூத்து என்னன்னா 2003ல ஹாட்ஜ்டனே ஐஎம்ஆர வாங்கிட்டாங்க, அதாவது ஒரே முதலாளி, ஒரே ஷெல்ஃப்ல, ஒரே நம்பர் போட்டு, எரியிற வேகம் வேற வேறயா உள்ள ரெண்டு பவுடர விக்கிறாரு. மருந்துக்கடையில இப்படி வச்சா விடுவாங்களா? அந்த எழுத்த நம்பர் சைஸுக்கு பெருசா அச்சடிக்க என்ன கேடு? நான் இத பத்து வருஷமா கத்துறேன்.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது, மேஜையில ஒரு நேரத்துல ஒரே ஒரு டப்பா. அதே பேரு, அதே இனிஷியலா இருந்தாலும் லாட் நம்பர் (எந்த தடவை செஞ்ச பவுடர்ங்கிற நம்பர்) மாறினா கீழ இருந்து ஆரம்பிங்க.

நான் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்ல. ஒருத்தர் வீட்டு கராஜ் சேல்ல எட்டு பவுண்டு டப்பா, சீல் உடைஞ்சது, மூடியில மார்க்கர்ல பேரு எழுதியிருந்துச்சு, பாதி விலை. சந்தோஷமா தூக்கிட்டு வந்தேன். வீட்டுல வந்து மூடிய திறந்தா உள்ள ரெண்டு விதமான குருணை. கொண்டு போய் புல்தரையில மெல்லிசா தூவிட்டேன். அறுபது டாலர் உரம்.

ஆன்லைன்ல 24 டாலர் டிஜிட்டல் தராசு. ஒரே பவுடர மூணு தடவை வச்சா மூணு எடை காட்டுது, அரை கிரெயின் வரைக்கும் வித்தியாசம். குறி பாக்குற ஸ்கோப் 1,800 டாலர்ங்கிறதால தராசுல கொஞ்சம் சேமிச்சேன். (ஹூஸ்டன்)

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். இதுல அரை கிரெயின் விளையாடுற தராச வச்சுக்கிட்டு ஆயிரம் கெஜத்துல எவன் கண்ணுக்கு ஸ்கோப் வாங்கினீங்க? என் மொத தராசும் இப்படித்தான், ஏசி காத்து பட்டாலே ஆடும், பக்கத்துல போன் வச்சாலும் ஆடும். செக் வெயிட் (எடை உறுதியான படிக்கல்) செட் ஒண்ணு வாங்கி, தராச அரை மணி நேரம் ஆன் பண்ணி வச்சிட்டு சோதிங்க. அப்பவும் ஆடினா சமையலுக்கு குடுத்துருங்க.

பிரைமர் தட்டையா இருந்தாலே பிரஷர் ஜாஸ்தின்னு அர்த்தமா?

அத மட்டும் வச்சு சொல்ல முடியாது. அடிச்ச கேஸ பழைய அளவுக்கு அழுத்துற சைஸிங் டை, கேஸோட தோள (கழுத்துக்கு கீழ சரியிற இடம்) ரொம்ப பின்னால தள்ளியிருந்தா சாதா லோடுலயும் தட்டையாகும்.

பிரைமர் எங்கயும் கிடைக்காத நேரத்துல ஒரு வெப்சைட்ல பாதி விலைக்கு 5,000 போட்டிருந்தான். கார்டு எடுக்கலன்னான், ஸெல்லுல (பேங்க்ல இருந்து நேரா பணம் அனுப்புற Zelle சேவை) அனுப்பிட்டேன். சைட்டே காணாம போச்சு. மனைவிகிட்ட இன்னும் சொல்லல. (பிளேனோ)

தம்பி, மொதல்ல மனைவிகிட்ட சொல்லுங்க. இதுல வெக்கப்பட வேண்டியவன் அவன், நீங்க இல்ல. 2020, 21 தட்டுப்பாட்டுல நிஜ கடை வெப்சைட்ட அப்படியே காப்பி அடிச்சு எத்தனையோ பேர ஏமாத்தினானுங்க, விவரமானவங்களே விழுந்தாங்க. இன்னைக்கே பேங்குக்கு போன் போட்டு மோசடின்னு சொல்லுங்க, மோசடி புகார் வாங்குற அரசு அமைப்பான எஃப்டிசி-லயும் புகார் பதிங்க. பணம் வரும்னு பொய் சொல்ல மாட்டேன், ஸெல்லுல போனா கஷ்டம். கிரெடிட் கார்டா இருந்தா பில் வந்த 60 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்க சட்டத்துலயே வழி இருக்கு. அதனாலதான் அவனுங்க கார்டு வேண்டாங்குறது.

ஊருக்கு போறேன். தென்காசியில மாமாவுக்கு ஒரு பவுண்டு பவுடர் பெட்டியில வச்சு எடுத்துட்டு போகலாமா?

ஃப்ளைட்டுல பவுடரும் பிரைமரும் எந்த பெட்டியிலயும் கூடாது. மாமாவுக்கு பாதாம் வாங்கிட்டு போங்க.

900 ரவுண்டு வரைக்கும் அதே லோடு, பிரச்சனையே இல்ல. இப்போ திடீர்னு புல்லட் வேகம் ஏறிருச்சு, போல்ட் இறுகுது. பேரல் போச்சு, 700 டாலர்ல புதுசு போடுங்கன்னு கடையில சொல்றாங்க.

கடைசியா எப்போ தேய்ச்சு சுத்தம் பண்ணீங்க? சேம்பர் (பேரல்ல தோட்டா உக்காருற இடம்) முடியிற இடத்துல கார்பன் வளையமா கெட்டியா படிஞ்சிருக்கும், தோசைக்கல் ஓரத்துல கருகி ஒட்டுமே அந்த மாதிரி, கேஸோட கழுத்துக்கு விரிய இடமில்லாம புல்லட்ட இறுக்கி பிடிக்கும். கேஸ் நீளத்தையும் அளந்து பாருங்க, 1.920 இஞ்சுக்கு மேல வளந்திருந்தாலும் இதே தொல்லைதான் (நீங்களும் கிரீட்மோர்னுதானே எழுதியிருக்கீங்க). கார்பன் க்ளீனர் ஒரு பாட்டில், பிரஷ், கொஞ்சம் பொறுமை. உள்ள பாக்க சின்ன போர்ஸ்கோப் கேமரா அம்பது அறுபது டாலருக்கே கிடைக்குது, நான் உருப்படியா வாங்கின ரெண்டு மூணு பொருள்ல அதுவும் ஒண்ணு. சுத்தம் பண்ணி, ஸ்டார்ட்டிங் லோடுல அடிச்சு பாத்துட்டு எழுதுங்க. கடை எதுன்னு மட்டும் சொல்லாதீங்க, போன மாசம் இன்னொருத்தருக்கு பேரல் வித்தவரும் அவராத்தான் இருப்பாருன்னு எனக்கு ஒரு சந்தேகம்.