போர்வையில் யார் பெயரை எழுதுவது?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்தவள். செந்தாந்த்ரேயில் குடியிருக்கிறோம். கணவரின் குடும்பம் அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். கணவர் கோயிலில் தமிழ்ப் பாட்டு பாடுவார், வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து வந்த இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். இதைத் தமிழில் கொட்ட எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

விஷயம் ஒரு போர்வை. 'தப்பி மாந்தியான்' என்று இந்த ஊர்ப் பாட்டிமார் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை. பழைய துணியை அறுகோணமாக வெட்டி, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று சேர்த்தால் ஒரு பூ. பூவோடு பூவாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதே வடிவத்தில் வெட்டிய தாளை வைத்து மடித்து நூலோட்டிக்கொண்டால்தான் மூலை கூராக நிற்கும். சுற்றிலும் துண்டுகள் சேர்ந்த பிறகு தாளை உருவிவிடலாம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். கரண்டு பில், பிள்ளைகளின் பழைய நோட்டு என்று கையில் கிடைத்த தாளையெல்லாம் வெட்டுவார்.

அத்தை பாதிப் பூக்களைத் தைத்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். முடிக்காமலே போய்விட்டார். மீதியை நான் தைத்து, அடித்துணி கொடுத்து, ஓரமும் கட்டி முடித்தேன். ஓரம் மட்டும் மிஷின் தையல். உற்றுப் பார்த்தால் இரண்டு கை தெரியும். அத்தையின் தையல் கடுகு மாதிரி, என்னுடையது கொஞ்சம் நீளம்.

எங்கள் பக்கம் வருஷா வருஷம் நடக்கும் கண்காட்சியில் இந்தத் தடவை கைத்தையல் போட்டி வைக்கிறார்கள். சேர்ந்து தைக்கும் தோழி ஒருத்தி படிவம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தூக்கமில்லை.

முதலில் என் பெரிய நாத்தனார். போர்வையில் நாலைந்து பூக்கள் மஞ்சள். அத்தை 18 நாள் விரதமிருந்து திரௌபதி அம்மனுக்குத் தீ மிதித்தபோது கட்டிய புடவை அது. அத்தையே தன் கையால் வெட்டியது. ஆனாலும் அண்ணி, "அம்மாவின் தீமிதிப் புடவையை யார் யாரோ தொட்டுப் பார்த்து மார்க் போடுவதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் போனே இல்லை.

இரண்டாவது, இது கிரியோல் பாட்டிகளின் வேலை, காரைக்காலிலிருந்து வந்தவளுக்கு என்ன வந்தது என்று யாராவது சொல்லிவிட்டால்? மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் நான் தைத்த கைக்குட்டையை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "இது என்ன, கொசுவலையா?" என்றார். இந்த வயதிலும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

கணவரைக் கேட்டால், "போட்டால் போடு, போடாவிட்டால் விடு" என்கிறார். படிவத்தில் 'செய்தவர் பெயர்' என்று ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. பேனாவை எடுத்தால் அங்கேயே நிற்கிறேன். கொடுக்கட்டுமா, வேண்டாமா?

இப்படிக்கு,
செந்தாந்த்ரே வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் வரும் அந்தக் கோடு. நாத்தனாரின் கோபமும் உங்கள் தயக்கமும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன்.

அண்ணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அம்மா போய்விட்டார். அம்மாவின் கை பட்ட பூக்கள் தம்பி வீட்டில், தம்பி மனைவியின் போர்வையில் இருக்கின்றன. அது இப்போது உங்கள் பெயரில் மேடை ஏறப்போகிறது. அவர் வாயில் வந்தது தீமிதிப் புடவை. அந்தப் பயபக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அம்மனுக்கு விரதமிருந்து கட்டிய துணியைப் பொத்திவைக்க நினைப்பது நியாயம்தான். ஆனால் அதற்கு அடியில், 'அம்மாவை யாரும் நினைக்க மாட்டார்களா?' என்ற கேள்வி இருக்கலாம். நான் அவரைப் பார்த்ததில்லை, ஊகம்தான்.

ஆகவே, "அத்தையே வெட்டினார்களே" என்ற வாதத்தை எடுக்காதீர்கள். அது உண்மை, வாதத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள், அண்ணி அதற்கப்புறம் வீட்டுப் பக்கமே வரமாட்டார். போனும் வேண்டாம், போர்வையை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். படுக்கையில் விரித்து, எது அம்மாவின் தையல், எது உங்களுடையது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்தத் துணி யாருடைய சட்டை, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று உங்களுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், "படிவத்தில் அத்தை பெயரை முதலில் போடலாம் என்று நினைக்கிறேன் அண்ணி, எப்படி எழுதட்டும்?" என்று கேளுங்கள். கண்காட்சிக்காரர்களிடம் இதற்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர் என்று இரண்டு பெயர் எழுதுவது கைவேலையில் புதிதல்ல. ஓரத்தின் மிஷின் தையலையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். முழுக்கக் கையால் செய்ததுதான் வேண்டும் என்பது விதியானால், போட்டிக்கு இல்லாமல் பார்வைக்கு மட்டும் வைக்க முடியுமா என்று கேட்கலாம். எனக்கென்னவோ இந்தப் போர்வைக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. அத்தையின் தையலுக்கு மார்க் போடும் சங்கடமும் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் அண்ணி கூடாது என்றால்? இந்த வருஷம் விட்டுவிடுங்கள். பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், 'உன் உழைப்பு, உன் உரிமை' என்பார்கள். உரிமை உங்களுடையதுதான். ஆனால் மிச்சமிருக்கும் துணியில் உங்கள் கையால் மட்டும் இன்னொன்று தைத்து அடுத்த வருஷம் கொடுக்க முடியும். அண்ணிக்கு இன்னொரு அம்மா கிடையாது.

காரைக்கால்காரி என்ற பயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் கற்றுக்கொடுத்து மருமகள் தைத்தாள். அந்தத் தீவின் பாட்டிமாருக்கும் இந்த வேலை அப்படிக் கைமாறித்தானே வந்திருக்கும்?

கொசுவலைக்கு வருவோம். அந்த டீச்சர் நன்றாகத்தான் ஜோக் அடித்திருக்கிறார், அதை ஒரு பிள்ளையின் கைவேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடித்ததுதான் தப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து உளவியலாளர்கள் செய்த ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. போட்டுக்கொள்ளவே கூசும் ஒரு டி-சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள் மாட்டிக்கொண்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். நம்மைப் பற்றி ஊர் நினைப்பதாக நாம் நினைப்பதில் பாதிக்குப் பாதி நம் கற்பனை. ஆனால் இந்த ஆறுதல் உங்களுக்கு முழுசாகச் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு ஜனங்கள் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்கள் பார்க்கப்போவது துணியை. ஆறு முனையும் சரியாகக் கூடுகிறதா, விரித்தால் சுருக்கமில்லாமல் படிகிறதா, பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் நடுவர்களும் தேடுவார்கள். உங்கள் போர்வை இதில் எங்கே தேறும், எங்கே தேறாது என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி தூக்கம் வராதபோது அதைத் தாளில் எழுதிப் பாருங்கள். 'தையல் நீளம் ஒரே மாதிரி இல்லை' என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு, அதையே நடுவர் சொன்னால் அவ்வளவாகக் குத்தாது. போட்டி முடிந்த பிறகும் தூக்கம் வரவில்லை, வேறு விஷயங்களிலும் இதே படபடப்பு என்றால் உங்கள் குடும்ப டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, பரிசு கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், யாரும் சொல்லாமல் தானாக வரைய உட்காரும் நேரம் அந்தப் பிள்ளைகளுக்கு, பரிசே பெறாத பிள்ளைகளுக்கு இருந்ததில் பாதியாகிவிட்டது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சின்னப் பிள்ளை இல்லை, இந்த ஆய்வை அப்படியே உங்கள் மேல் பொருத்தவும் முடியாது. ஆனாலும் போட்டிக்கென்று தைக்க ஆரம்பித்து, அப்புறம் ஊசியைத் தொடவே மனசு வராமல் போனவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் போர்வையை ஒப்படைக்கும் முன்பே அடுத்ததற்கு இரண்டு மூன்று பூ தைத்துவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் அன்று சாயங்காலம் கைக்கு வேலை இருக்கும்.

கொடுப்பதாக முடிவானால், தொங்கவிடும் விதத்தை முதலில் பேசிக்கொள்ளுங்கள். இவ்வளவு தையல் உள்ள துணியை இரண்டு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கனம் அங்கேயே இழுத்து பழைய துண்டுகள் கிழியும். பின்பக்கம் மேல் ஓரம் நெடுக ஒரு துணிப் பட்டையைக் குழல் போலத் தைத்து, அதற்குள் கழியைச் செருகித் தொங்கவிடச் சொல்லுங்கள். மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடலாம், ஜன்னல் வெயில் படாத சுவராகக் கேளுங்கள். உங்கள் கிழக்குக் கரையில் மழைக்குக் குறைவில்லை, திரும்பி வந்ததும் உடனே மடித்து உள்ளே வைக்காமல் காற்றாட உலர்த்துங்கள். 'தொட வேண்டாம்' என்று ஒரு அட்டையும் வைக்கச் சொல்லுங்கள். அதில் எழுத வேண்டியதை அண்ணி கையாலேயே எழுதச் சொன்னால் மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
ஆலோசகர்