மூங்கில் வில், எருக்கம் நாண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூங்கிலைப் பிளந்து, மேல்தோலை இழைப்புளியால் சீவி வழவழப்பாக்கினேன். நாண் ஏற்றி நாலாவது தடவை இழுக்கும்போதே நடுவில் முறிந்துவிட்டது. மூங்கில் சரியில்லையா? (திண்டுக்கல்)

மூங்கில்மேல் தப்பில்லை. நீங்கள் சீவி எறிந்த அந்தத் தோல்தான் வில்லின் உயிர். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடும், நம்மைப் பார்க்கும் பக்கம் நெருக்குப்படும். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோலை ஒட்டித்தான், உள்ளே போகப் போக நார் குறைந்து சோறு மாதிரி இருக்கும். அதனால் தோல் பக்கம் இலக்கை நோக்கி இருக்க வேண்டும், அதில் கத்தியே படக்கூடாது. கணுவின் மேடு கையில் உறுத்தினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம், அவ்வளவுதான். என் முதல் வில்லும் இதே காரணத்தால் மூன்றாம் நாள் முறிந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தால் நான் கணுவை மட்டமாக அரமிட்ட இடம்.

சீவுவது எல்லாம் உள்பக்கத்தில்தான். அங்கேயும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு பலகையில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பள்ளம் வெட்டிச் சுவரில் நிறுத்துங்கள். வில்லின் பிடியை உச்சியில் வைத்து, நாணைக் கொஞ்சம் கீழே இழுத்து ஒரு பள்ளத்தில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிடிக்கு இருபுறமும் நீளும் வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா? விறைப்பாக நிற்கும் இடத்தில் மட்டும் சீவுங்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள். சீவ இழைப்புளி வேண்டாம். நம் தச்சர்கள் பயன்படுத்தும் உடைந்த கண்ணாடிச் சில் போதும், தாள் கனத்துக்கு மெல்லிசாக வரும். ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் வில்லை முப்பது முறை மெல்ல இழுத்து விட்டுப் பழக்குங்கள், அப்போதுதான் சீவியதன் பலன் கண்ணுக்குத் தெரியும். கொக்கித் தராசை மாட்டிப் பாருங்கள்: உங்களுக்கு 14 கிலோ வில் (முழுதாக இழுக்க வேண்டிய விசை அது, வில்லின் எடை அல்ல) வேண்டுமென்றால், செய்து முடிக்காத வில்லை 14 கிலோவுக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக்கூடாது. அவசரத்தில் முழுநீளம் இழுத்துப் பார்ப்பதால் முறிந்த வில்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எந்த மூங்கில் நல்லது? எப்போது வெட்டுவது? வெட்ட அனுமதி வேண்டுமா? (தென்காசி)

கல்மூங்கில். உள்ளே ஓட்டை இல்லாமலோ மிகச் சிறிய ஓட்டையோடோ இருக்கும். நேராக இரண்டாகப் பிளந்தால் ஆளுக்கு ஒரு வில். முள்மூங்கில் என்றால் அடித்தூரில் சுவர் கனமாக இருக்கும் பகுதியை எடுங்கள். மூன்று, நான்கு வயதான கழி வேண்டும். இளசு காய்ந்தால் சுருங்கிவிடும். மழைக்காலம் முடிந்து, புதுக் குருத்து விடாத நாட்களில் வெட்டுங்கள், அப்போது மாவுச்சத்து குறைவு. மாவு இருந்தால் வண்டு துளைத்துப் பொடியாகக் கொட்டிவிடும். இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரிலோ தொட்டியிலோ ஊறப்போட்டால் அந்த மாவு கரைந்து போகும். அப்புறம் நிழலில் இரண்டு மாதம். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மரத்தில் செய்ய ஆசையென்றால் சடச்சி. ஊருக்கு ஊர் தடசு, உன்னு என்றும் சொல்வார்கள். வடமொழியில் அதற்கு வில்மரம் என்றே பெயர். ஆனால் மரம் காய ஒரு வருடம் ஆகும், நுனிகளில் மெழுகு பூசாவிட்டால் வெடிப்பு ஓடும்.

அனுமதி பற்றி: 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொந்த நிலத்து மூங்கிலை வெட்ட இப்போது சிரமமில்லை. காட்டு மூங்கில் அப்படியல்ல, அதில் ஒரு கழியைக்கூடத் தொடாதீர்கள்.

நைலான் இல்லாமல் நாண் திரிக்க முடியுமா? தேங்காய் நார்க் கயிறு போட்டேன், தொங்குகிறது. (நாகப்பட்டினம்)

தொங்கத்தான் செய்யும். தேங்காய் நார் மிக அதிகமாக நீளக்கூடிய நார். வில் நாணுக்கு நீளவே கூடாது. நம் ஊரில் கால் தடுக்கினால் எருக்கு. முற்றிய நேர்த்தண்டுகளை வெட்டி, இரண்டு நாள் வாட விட்டு, பட்டையை உரியுங்கள். பட்டைக்கு உள்ளே பட்டு மாதிரி வெள்ளை நார் வரும். இந்தியாவில் வில் நாணுக்கும் மீன்வலைக்கும் அந்த நாரைத்தான் காலங்காலமாகத் திரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்ட வேண்டாம். பிள்ளைகளை அந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம்.

இன்னொன்று மரல். ஆங்கிலேயர் இந்தச் செடிக்கு வைத்த பெயரிலேயே வில் நாண் இருக்கிறது. தடித்த இலையைப் பச்சையாகவே பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டினால் சதை போய் வெண்மையான நார் நிற்கும். ஊறப்போட வேண்டியதில்லை. நீளம் குறைவு என்பதால் திரிக்கத் திரிக்கப் புதிய நாரைச் செருக வேண்டும். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செருகாதீர்கள், ஒரு சாணாவது தள்ளிச் செருகுங்கள்.

திரிக்கும் முறை நம் வீட்டுக் கயிற்று முறைதான்: ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது. மூன்று புரி என்றால் இன்னும் உருண்டையாக வரும். வில்லின் இழுவிசையைப் போல நான்கு மடங்கு எடையை நாண் தாங்க வேண்டும். 14 கிலோ வில்லுக்கு 56 கிலோ. மரக்கிளையில் கட்டி ஒரு மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகே வில்லில் ஏற்றுங்கள். கடைசியில் தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஊட்டுங்கள். நாணின் ஒரு நுனியில் கண்ணி போதும், மறுநுனியை அவிழ்க்கக்கூடிய முடிச்சாகக் கட்டினால், நீண்டால் இறுக்கிக்கொள்ளலாம். வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே, கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு முட்டி அளவு இடைவெளி இருக்கட்டும்.

நாணல் அம்பு செய்தேன். எப்படி விட்டாலும் இடப்பக்கமே போகிறது. வலக்கையால்தான் இழுக்கிறேன். மயிலிறகு கட்டியிருக்கிறேன். (கடம்பூர் மலை)

அம்பு நேராகப் பறப்பதில்லை. நாண் உந்தும்போது மீன் மாதிரி நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். நெளிய முடியாத விறைப்பான அம்பு வில்லில் முட்டி இடப்பக்கம் ஒதுங்கும். நெளிவு கூடினால் வலப்பக்கம் போகும். உங்கள் அம்பை மெலிதாக்குங்கள், அல்லது முனையைக் கனமாக்குங்கள். நாணல் தட்டையின் முன்னால் ஐந்தாறு அங்குலம் கெட்டி மரக்குச்சியைச் செருகி நூலால் இறுக்கிச் சுற்றினால் கனமும் வரும், முனையும் பிளக்காது. நாணில் பொருத்தும் பள்ளத்தைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள், கீழே இருக்கும் கணு பிளவைத் தடுக்கும். ஒவ்வொரு தடவையும் எய்வதற்கு முன் அம்பைக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். கீறல் சத்தம் கேட்டால் ஒடித்துப் போட்டுவிடுங்கள். பிளந்த அம்பு கையைக் கிழிக்கும்.

மயில் தோகை உதவாது. அதன் மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்காது, காற்றை நிறுத்தாது. வான்கோழி, வாத்து வளர்ப்பவர்களிடம் சிறகு இறகு கேளுங்கள். மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகினுடையதாக இருக்கட்டும், இடமும் வலமும் கலந்தால் அம்பு தடுமாறும். ஒட்டத் தச்சர்களின் வச்சிரப் பசை போதும், மேலே நூல் கட்டு.

காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிறது. நானே செய்த வில்லால் அடிக்கலாமா? (சத்தியமங்கலம் பக்கம்)

கூடாது. உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும் கண்ணி வைப்பதும் முயற்சி செய்வதுமே வேட்டைதான். முயலுக்கும் அதே சட்டம். வனத்துறையிடம் எழுதிக்கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது இது: அம்பு இடித்துக் கொல்வதில்லை, உள்ளே அறுத்துத்தான் கொல்லும். 14 கிலோ வில்லால் அடித்த பன்றி உடனே சாகாது. முனை உள்ளே தங்கி, சீழ் பிடித்து, பல நாள் கழித்து எங்கோ சாகும். நம் கையால் அப்படி ஒரு வேதனை வேண்டாம். வைக்கோல் பிரியைச் சுருட்டிக் கட்டி இலக்காக வையுங்கள்.

அப்படியானால் ‘வல்வில்’ ஓரி ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தினான் என்பது? (நாமக்கல்)

புறநானூறு 152-இல் வன்பரணர் பாடியது அது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக. புலவரின் புகழ்ச்சி என்றே நான் படிக்கிறேன். ஆனால் ‘வல்வில்’ என்ற சொல் கைவினைக்காரனின் சொல். இழுக்கக் கடினமான வில் என்று பொருள். 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயக் கப்பலில் கிடைத்த 172 வில்கள் பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல் இழுவிசை கொண்டவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வில்லைச் சிறுவயதிலிருந்து பழகினால்தான் இழுக்க முடியும். கொல்லிமலையில் ஓரிக்கு எடுக்கும் ஆடி விழாவுக்குப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு இல்லாமல் முனை செய்ய எது நல்லது? (மட்டக்களப்பு)

எலும்பு. உங்கள் தீவிலேயே, களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையான எலும்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில் அம்புக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. இறைச்சிக் கடையில் ஆட்டுக் கணைக்கால் எலும்பு வாங்கி, கழுவி, மணற்கல்லில் நீர் விட்டுத் தேயுங்கள். வறட்டுத் தூசி மூச்சில் போகக்கூடாது. கல்லில் ஆசை இருந்தால் தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) நம் முன்னோர் விட்டுப்போன நுண்கற்கருவிகள் படிகக்கல்லிலும் சிக்கிமுக்கிக்கல்லிலும் செய்தவை. பார்க்கலாம், பொறுக்க வேண்டாம்.

ஏழு வயது மகளுக்கு? (கோவை)

பிரம்பு. வளையும், எளிதில் முறியாது. முனையில் துணிப்பந்து கட்டிய அம்பு. அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். செய்து முடித்த வில்லும் அப்படி விட்டால் முறியும்.

ஆறு மாதமாகச் சீவுகிறேன், இன்னும் முடியவில்லை. மழையும் வந்துவிட்டது. விட்டுவிடலாமா? (நாகர்கோவில்)

1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதரிடம் யூ மரத்தில் செய்த, 1.82 மீட்டர் நீள வில் ஒன்று இருந்தது. முடியாத வில். கோடரித் தடம் அப்படியே தெரிகிறது. தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டுதான் முழுமையானவை. மலைமேல் போகும்போதும் வேலையைக் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்.

விட வேண்டாம், ஈரக் காற்றில் சீவவும் வேண்டாம். ஈர மூங்கில் இப்போது வளைவது போல் காய்ந்த பின் வளையாது, உங்கள் கணக்கு தப்பும். நாணைக் கழற்றி, அடுப்படிப் பரணில் படுக்க வையுங்கள், சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். தை பிறந்ததும் கண்ணாடிச் சில்லை எடுங்கள்.