வைரம் தேடும் கம்பெனிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: குறுவை நெல் விற்ற பணம் 2 லட்சம் இருக்கிறது. கனடாவில் வைரம் தேடும் சிறு கம்பெனியின் பங்கு ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சம்பா செலவுக்கான பணம் என்றால் தொடவே வேண்டாம்.

இந்தக் கம்பெனிகளுக்கு வருமானம் கிடையாது. வைரம் தேடி நிலத்தில் துளை போடப் பணம் தேவைப்படும்போதெல்லாம் புதுப் பங்கு வெளியிடுவார்கள். உங்கள் பங்கின் அளவு கரையும். ஆகவே பங்கு விலையை விட்டுவிட்டு, மொத்தப் பங்குகள் எத்தனை, கையிருப்பு ரொக்கம் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள்.

'கிம்பர்லைட் (வைரம் இருக்கக்கூடிய எரிமலைப் பாறை) கிடைத்தது' என்ற செய்தியில் மயங்காதீர்கள். நூறு கிம்பர்லைட்டில் ஒன்றிரண்டுதான் சுரங்கமாகத் தேறும். நுண்வைரம், அதாவது பொடி அளவு வைரம், கிடைப்பது வெறும் அறிகுறி. டன் கணக்கில் பாறையை உடைத்துப் பார்த்த பிறகே மதிப்பு தெரியும். 100 டன்னில் 50 காரட் (வைரத்தின் எடை அளவு), காரட் 100 டாலர் என்றால் டன்னுக்கு 50 டாலர். பாறையை வெட்டியெடுக்கும் செலவு டன்னுக்கு 40 டாலர் என்று வையுங்கள், லாபம். காரட் 70 டாலராக இறங்கினால் டன்னுக்கு 35தான், நஷ்டம். ஆய்வகத்தில் செய்யும் வைரம் பெருகியதால் இந்த இறக்கம் இன்று நிஜமாகவே நடக்கிறது. உற்பத்தியே தொடங்கிவிட்ட, கனடாவின் கியூபெக் மாகாணத்து ரெனார்ட் வைரச் சுரங்கமே 2023-ல் நின்றுவிட்டது.

அப்படியும் வாங்கினால், வருமான வரிக் கணக்கை ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய படிவத்தில் போடக் கூடாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உள்ள படிவத்தில் காட்டுங்கள்.